நூற்றுப்பதினெட்டு வீடுகளின் பட்டியல்

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி எட்டு மாதமாகிறது. மூடி வைத்தால் சூடேறி நின்றுவிடும். திறந்து வைத்தால் கடல் காற்று உள்ளே போய்க் கம்பிகளில் பச்சை பூக்கும். இரண்டில் எது குறைந்த தொல்லை என்று பார்த்துப் பிரபாவதி திறந்தே வைக்கச் சொல்லியிருந்தாள். எதிரே ஒரு மேஜை விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் திரை கருப்பாகவே இருந்து பெட்டி மூன்று முறை கூவினால், ரெஜினா மெமரிப் பட்டையைப் பிடுங்கி, அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகுவாள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகாத நாளில் பக்கவாட்டில் ஒரு தட்டு.

புதுப்பட்டினம் கடைத்தெருவில், கல்பாக்கம் போகிற சாலையைப் பார்த்தபடி இருந்தது அந்தக் கடை. ஜெராக்ஸ், எஸ்.டி.டி., தமிழ் ஆங்கிலம் டைப்பிங். முதலாளி பிரபாவதியின் கணவர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தார். ரெஜினா இங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். சாயங்காலம் ஐந்தரைக்கு, இரண்டு தெரு தள்ளி மாடியில் இருக்கும் ராகவன் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடுவாள். இங்கிலீஷ் லோயர் பரீட்சை பாஸ் செய்தாகிவிட்டது. தமிழ் லோயர் இந்த மாதம் எழுதுகிறாள்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். எதையும் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வாள். யாரோ கொடுத்த பழைய வருஷத்து டைரி ஒன்றில், அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையைப் போட்டு, அன்றன்றைக்கு என்ன செய்தாள், எதில் தப்பு விட்டாள் என்று எழுதுவாள். தப்புப் பகுதிதான் எப்போதும் நீளமாக இருக்கும்.

1999 ஆகஸ்டில், அந்தப் புதன்கிழமைக்காக அவள் இருபத்தாறு படிகள் எழுதி வைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். ரெஜினாவின் வீடு இருக்கிற காட்டுமேட்டில் நூற்றுப்பதினெட்டு குடும்பங்கள். முன்பு எல்லாரும் ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். இப்போது கட்டட வேலை, காண்டிராக்ட் வேலை, சிலர் பஸ் டிரைவர், இரண்டு நர்ஸ். நாற்பது வருஷமாக இருக்கிற மணல்மேட்டில் ஒருவர் பெயரிலும் பட்டா கிடையாது. இரண்டு வருஷம் அலைந்ததில் விசாரணைக்கு நாள் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை பத்தரை, செங்கல்பட்டு வருவாய்த் துறை அலுவலகம். குடும்பத் தலைவர் பெயர், எந்த வருஷத்திலிருந்து குடியிருக்கிறார், ரேஷன் கார்டு எண், வீட்டின் நீள அகலம் எல்லாம் டைப் அடித்து மூன்று பிரதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் யாரும் உரிமை கோரவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். இது அவர்கள் அனுப்பிய கடிதத்திலேயே இருந்தது.

அந்தப் பட்டியலை ரெஜினாதான் இரண்டு மாதமாக அடித்தாள். ஜனங்கள் கார்டையும் பழைய ரசீதையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கடைக்கே வருவார்கள். பார்த்துப் பார்த்து நேராகக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டுக் காகிதங்களைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். கையெழுத்துப் பிரதி என்று ஒன்று கிடையாது.

போன வாரம் பழைய பிரிண்டரின் தலை உடைந்தது. பிரபாவதி புதியது வாங்கினாள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, அது விண்டோஸ் 98 இருந்தால்தான் வேலை செய்யும் என்று. கடையில் இருந்தது 95.

"மாத்திடேன்," என்றாள் பிரபாவதி. "எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒருத்தர் சிடி தர்றேன்னாரு. ஒரு மணி நேர வேலையாமே."

"ஒரு மணி நேரம் நல்ல கம்ப்யூட்டருக்குக்கா."

"நம்மளுது என்ன, கெட்டதா?"

ரெஜினா மூன்று ராத்திரி யோசித்துப் படிகளை எழுதினாள். முதல் படி: மெமரியை ரப்பரால் தேய்க்கவும். இரண்டாவது: விசிறி ஓடுகிறதா பார்க்கவும். மூன்றிலிருந்து பதினொன்று வரை: கடையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பிளாப்பியில் நகல் எடுக்கவும். பட்டியலை மட்டும் இரண்டு பிளாப்பியில், இரண்டையும் திறந்து சரிபார்க்கவும்.

புதன் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தாள். ஒவ்வொரு படி முடிந்ததும் பென்சிலால் ஒரு டிக், மறுபடி பார்த்துவிட்டுப் பேனாவால் ஒரு டிக்.

பத்து மணிக்குச் சந்திரம்மா வந்து சேர்ந்தாள். காட்டுமேட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் அவள்தான். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, ஆச்சா?"

"இப்பதான் அத்த ஆரம்பிச்சேன். சாயங்காலம் வா."

"வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப் போறேன். இங்கயே குந்திக்கினு கீறேன். கையில வாங்காத வரைக்கும் எனக்கு சோறு எறங்காது."

பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுவதுதான் திட்டம். திரையில் நீலப் பட்டை மெள்ள நகர்ந்தது. எவ்வளவு நிமிஷம் பாக்கி என்று ஓரத்தில் எண் குறைந்துகொண்டே வந்தது. பதினாறில் நின்றது. பத்து நிமிஷம் கழித்தும் பதினாறு. மவுஸ் அசையவில்லை. அவள் டைரியைப் புரட்டினாள். இதற்கு ஒரு படி எழுதியிருந்தாள்: 'நின்றுவிட்டால் இருபது நிமிஷம் காத்திருக்கவும்.' இருபது காத்திருந்தாள். அணைத்துப் போட்டாள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து, ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்றது. பழைய விண்டோஸும் இல்லை, புதியதும் வரவில்லை.

இன்னும் இரண்டு முறை முயன்றாள். ரப்பர் போட்டாள், தட்டினாள். பதினாறைத் தாண்டவில்லை.

இருபதாவது படி அதற்கு அடுத்ததைச் சொன்னது: எதுவும் ஆகாவிட்டால் ஃபார்மட். மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. எழுதும்போதே இது தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டு எழுதிய படி.

"அக்கா, எல்லாம் போயிடும். மெஷின்ல ஒண்ணுமே இருக்காது."

பிரபாவதி ஜெராக்ஸுக்கு வந்தவரிடம் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "காப்பி எடுத்து வெச்சிருக்கதானே?"

"வெச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

பதினோரு பிளாப்பிகளும் மேஜையில் அடுக்கி இருந்தன. எண் போட்டு, தேதி போட்டு. காலையில்தான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். என்ன விட்டுப்போயிருக்கும்? எதையோ விட்டிருக்கிறோம் என்று அவளுக்கு எப்போதுமே தோன்றும். பெரும்பாலும் எதுவும் விட்டிருக்காது. அதனாலேயே அந்தத் தோன்றலை அவள் நம்புவதில்லை.

திரை கேட்டது: எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? ஒய் அல்லது என்.

டைரியை முதல் படியிலிருந்து மறுபடி வாசித்தாள். பிறகு ஒய்யை அழுத்தினாள்.

சதவீதம் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. டிஸ்க் உள்ளே யாரோ மணலில் நடப்பதுபோல் கரகரத்தது. பன்னிரண்டேகாலுக்கு முடிந்தது. சிடியைப் போட்டாள். இந்த முறை பதினாறில் நிற்கவில்லை. பதினொன்றில் கரண்ட் போயிற்று.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பிரபாவதி ஓடிப்போய் ஜெராக்ஸ் சுவிட்சை அணைத்தாள். பெட்டிக்கு எதிரே விசிறியும் நின்றுவிட்டது. ரெஜினா ஒரு அட்டையை எடுத்துத் திறந்த பக்கத்தில் விசிற ஆரம்பித்தாள்.

"ஊருக்கே கரண்ட் எடுத்து அனுப்புறானுங்க," என்றாள் சந்திரம்மா, எழுந்து வந்து இன்னொரு அட்டையை வாங்கிக்கொண்டு. "பக்கத்து வூட்டுக்காரிக்குக் கெடையாது. நீ உக்காரு பாப்பா, நான் வீசுறேன். அடுப்புக்கு வீசுன கைதான்."

யு.பி.எஸ்.ஸின் கூவல் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. திரையில் ஏழு நிமிஷம், ஆறு நிமிஷம். சந்திரம்மா கை மாற்றி வீசினாள். ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது.

புதிய விண்டோஸ் மூன்று மணிக்கு எழுந்து நின்றது. பச்சையும் நீலமுமாக மேகப் படம். புதிய பிரிண்டரை மாட்டினாள். சோதனைப் பக்கம் பளிச்சென்று வந்தது. பிரபாவதி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ரெஜினா வேர்டு ஏற்றி முடித்து, முதல் பிளாப்பியைப் போட்டுப் பட்டியலைத் திறந்தாள். இருபத்தைந்தாவது படி.

திரை முழுக்க ஆங்கில எழுத்து. சொல் இல்லை, வெறும் எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளியும் கமாவும் காற்றில் அடித்து ஒட்டியதுபோல. முதல் வரியில் இப்படி இருந்தது: re;jpuk;kh.

இரண்டாவது பிளாப்பியைப் போட்டாள். அதேதான்.

"இன்னா பாப்பா, இங்கிலீசுல வந்துக்கீது?" என்று சந்திரம்மா எட்டிப் பார்த்தாள்.

ரெஜினாவுக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. ஆங்கிலம் எந்தக் கம்ப்யூட்டரிலும் தானாகத் தெரியும். தமிழ் அப்படியில்லை, அதற்கென்று ஃபாண்ட் என்கிற எழுத்துருவைப் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு ஃபாண்ட் வைத்திருந்தது. இந்தக் கடையின் ஃபாண்ட் அவள் வருவதற்கு முன்பே மெஷினில் இருந்தது. தினமும் திறந்தால் தமிழ் இருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. அதையும் நகல் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடையில் இருந்த எல்லா எழுத்தையும் எடுத்து வைத்தாள். எழுத்தை எழுத்தாகக் காட்டுகிற ஒன்றை மட்டும், ஒய் அழுத்தி, தன் கையாலேயே துடைத்துவிட்டாள்.

முன்பு இங்கே வேலை பார்த்த ஆல்வின் இப்போது மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வரவேற்பில் இருந்தான். பிரபாவதி எண்ணைத் தேடிக் கொடுத்தாள்.

"இன்னா ரெஜி, எப்பிடிக் கீற?"

"அண்ணா, நம்ம தமிழ் ஃபாண்ட் எங்க இருக்கு?"

"எங்க கீது... மெஷின்ல கீது."

"மெஷினை ஃபார்மட் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம், பின்னால் யாரோ வெள்ளைக்காரர் சாவி கேட்பது கேட்டது.

"மேஜை கீழ் டிராயர்ல ஒரு ஊதா பிளாப்பி கீதா பாரு. அதுலதான் எனக்குக் குடுத்தாங்க. எங்கைல வேற இல்ல ரெஜி. சத்தியமா."

ஊதா பிளாப்பி இருந்தது. அதன் தகரக் கதவு துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. நகத்தால் தள்ளினாள், உள்ளே கருப்பு வட்டில் வெள்ளையாகப் பூஞ்சை, வட்டம் வட்டமாக. பஞ்சால் துடைத்துப் போட்டாள். டிரைவ் உறுமியது, நின்றது, உறுமியது. படிக்க முடியவில்லை என்றது திரை. ஏழு முறை அதையே சொன்னது. திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு டைப்பிங் கடைக்கு போன் போட்டாள். எங்களுது வேற ஃபாண்ட், உங்க ஃபைல் அதுல வராது என்று வைத்துவிட்டார்கள்.

மணி நாலே முக்கால்.

"மறுபடி அடிச்சிடலாமே," என்றாள் பிரபாவதி, நம்பிக்கை இல்லாத குரலில்.

"எதைப் பாத்துக்கா? காகிதமெல்லாம் நூத்துப்பதினெட்டு வீட்டுல இருக்கு. பாதிப் பேரு வேலைக்குப் போயிருப்பாங்க. அடிச்சாலும் தமிழ் வராது."

சந்திரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்கு இந்த மெஷினு சமாச்சாரம் தெரியாது. பேரு கீதா, போச்சா? அத்தச் சொல்லு."

"நான் அழிச்சிட்டேன் அத்த."

"அப்ப அது இன்னா?" திரையைக் காட்டினாள். "ரெண்டு மாசமா நீ டக்கு டக்குன்னு அடிச்சியே, அதானே இது?"

ரெஜினா திரையைப் பார்த்தாள். ஆர். ஈ. அரைப்புள்ளி. ஜே. மடியில் இருந்த அவள் விரல்கள் அசைந்தன. இடது ஆள்காட்டி விரல் மேல் வரிசைக்கு, நடுவிரல் மேல் வரிசைக்கு, வலது சுண்டு விரல் இருந்த இடத்திலேயே, வலது ஆள்காட்டி. ச. ந. புள்ளி. த. இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளிலிருந்து அடித்த அதே சாவிகள். இந்த ஃபாண்டைச் செய்தவர் டைப்ரைட்டரின் சாவி வரிசையையே வைத்திருந்தார். திரையில் இருப்பது குப்பை இல்லை. அவள் எந்தெந்தச் சாவியைத் தட்டினாளோ அந்தச் சாவிகளின் பெயர், ஒன்று விடாமல், வரிசையாக.

"சந்திரம்மா," என்று வாசித்தாள்.

"கூப்டியா?"

"இல்ல அத்த. இதுல எழுதியிருக்கு."

பதின்மூன்று பக்கத்தையும் அந்தக் கோலத்திலேயே பிரிண்ட் போட்டாள். புதிய பிரிண்டர் அழகாக அடித்துத் தள்ளியது. கார்பன் பேப்பர் ஒரு கட்டு எடுத்துக்கொண்டாள். பிரபாவதி கடையை எட்டு மணி வரை திறந்து வைத்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

இன்ஸ்டிட்யூட்டில் ஐந்தரை பேட்ச் உட்கார்ந்தாகிவிட்டது. பன்னிரண்டு மெஷின், அதில் ஏழு தமிழ். சனிக்கிழமை பரீட்சை. ராகவன் சார் கையில் ஸ்டாப் வாட்சுடன் நின்றிருந்தார். ரெஜினா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை என் பசங்க தமிழ் மெஷின்ல அடிக்கணும்."

"ஆமா சார். இங்கிலீஷ், தமிழ் ரெண்டும் கத்துக்கறவங்க ஆறு பேரு இருக்கோம். எந்த எழுத்து எந்த விரல்னு எங்களுக்குத் தெரியும்."

"மூணு நாள்ல பரீட்சை. ரிப்பன் இப்பதான் மாத்தினேன்."

"தெரியும் சார்."

"கம்ப்யூட்டர் வந்துடுச்சு, இனிமே இதெல்லாம் எதுக்குன்னு போன மாசம் நீதானே கேட்ட?"

ரெஜினா தலை குனிந்தாள். கேட்டதுதான். அன்றைக்கு டைரியின் தப்புப் பகுதியில் அதையும் எழுதியிருந்தாள்.

வாசலில் நின்றிருந்த சந்திரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "சார், பேஜாரு பண்ணாதீங்க. நாளைக்குப் பத்தரைக்கு அங்க நிக்கணும். இந்தப் பொண்ணு காலையிலிருந்து ஒண்ணும் துன்னல."

ராகவன் சார் ஸ்டாப் வாட்சைத் தட்டிப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார். "சரி. ஸ்பீடு டெஸ்ட்னு வெச்சுக்கறேன். ஆளுக்கு ரெண்டு பக்கம். மூணு காப்பி. தப்புக்கு மார்க் கழிப்பேன். யாரும் அழிக்கக் கூடாது, மையைத் தடவக் கூடாது."

கோவளத்திலிருந்து வருகிற ஷபானாதான் பேட்சில் வேகம். முதல் பக்கத்தை மாட்டி, காகிதத்தைப் பார்த்து அப்படியே அடித்தாள். நாலு வரி போனதும் நிறுத்தினாள்.

"ரெஜி, இங்க வா. இன்னாமா இது, புள்ளியெல்லாம் ஓடுது?"

ரெஜினா குனிந்து பார்த்தாள். மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் குந்தியிருந்தது. பெயர்கள் எல்லாம் கோணல்.

கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்துவிட்டு அப்புறம் புள்ளி. டைப்ரைட்டரில் நேர் எதிர். புள்ளிச் சாவியைத் தட்டினால் மெஷின் நகராது, ஆகவே முதலில் புள்ளி, பிறகு எழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதே தப்பைத் தலைகீழாக அவள் செய்து, பிரபாவதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். டைரியில் அது இருந்தது.

"காகிதத்துல அரைப்புள்ளி வந்தா, அதுக்கு முன்னாடி இருக்குற எழுத்தை அடிக்காம நிறுத்து," என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "முதல்ல புள்ளி. அப்புறம் அந்த எழுத்து. இங்கிலீஷ் பி-யும் அப்படித்தான், அது இகரத்தோட மேல் சுழி. காகிதத்துல பின்னால, மெஷின்ல முன்னால."

"எல்லாத்தையும் பின்னாலருந்து முன்னாலயா?" என்றாள் ஷபானா. "சனிக்கிழமை பரீட்சையில நான் இதே மாதிரி அடிச்சு வெச்சா உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன்."

புதிய தாள் மாட்டினாள். இந்த முறை மெதுவாக. ச, புள்ளி, ந. ரெஜினா தோளுக்கு மேலாகப் பார்த்தாள். தாளில் கருப்பாக, தலையில் புள்ளி நேராக உட்கார்ந்து, பெயர் வந்தது.

"வாசி," என்றாள் சந்திரம்மா.

"வரிசை எண் ஒன்று. சந்திரம்மா."

"ம். அடிங்க."

ஆறு மெஷினும் ஓட ஆரம்பித்தன. தனக்கு வந்த மூன்று பக்கத்தை அடித்தபடியே ரெஜினா எழுந்து எழுந்து மற்றவர்களிடம் போனாள். மெஷினில் இல்லாத சில கூட்டெழுத்துகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு எப்படி அடிப்பது என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு பையன் ரேஷன் கார்டு எண்ணில் ஒரு இலக்கத்தை விழுங்கியிருந்தான். அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி. சாருக்கு மார்க் கழிக்க நேரமில்லை. கார்பன் மடங்கிய இடத்தில் பிரித்துக் கொடுத்துக்கொண்டு, ரிப்பன் சிக்கிய மெஷினில் விரலெல்லாம் மையாக நின்றிருந்தார். சந்திரம்மா முடிந்த தாள்களை வாங்கி, ஊதி, பெஞ்சில் பரப்பி, மேலே தன் வெற்றிலை டப்பாவைப் பாரம் வைத்தாள்.

ஏழரைக்குக் கடைசித் தாள் வெளியே வந்தது. எல்லாரும் விரலைச் சொடுக்கினார்கள். ஷபானா தண்ணீர் குடிக்கப் போனாள்.

ரெஜினா எண்ண ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு எண்ற? கடைசியில நூத்திப்பதினெட்டுன்னு போட்டுக்கீதே," என்றாள் சந்திரம்மா.

"இருக்கட்டும் அத்த."

எண்ணினால் நூற்றுப்பதினேழு. தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் நினைப்பாள். இரண்டாம் முறையும் நூற்றுப்பதினேழு. பிறகு வரிசை எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். ஏழாம் பக்கத்தின் அடியில் அறுபத்திரண்டு. எட்டாம் பக்கம் அறுபத்து நான்கில் ஆரம்பித்தது. பிரிண்ட் காகிதத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருந்ததால் கடைசி வரியைப் புதிய பிரிண்டர் அடிக்காமல் விட்டிருந்தது; ஓரத்தில் எழுத்தின் தலைகள் மட்டும் மயிரிழையாகத் தெரிந்தன.

"அறுபத்து மூணு யாரு?"

"அது... கன்னியம்மா," என்றாள் சந்திரம்மா. "கருப்பன் பொண்டாட்டி. தனியா கீறாளே, கோடி வூடு."

பெயர் தெரியும். கார்டு எண்? எந்த வருஷம்? நீளம், அகலம்? ரெஜினா படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.

கடையில் பிரபாவதி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். "இப்பதான் அணைச்சேன்," என்றாள்.

ரெஜினா சுவிட்சைப் போட்டாள். திரை கருப்பு. பெட்டி மூன்று முறை கூவியது.

அவள் மெமரிப் பட்டையைப் பிடுங்கினாள். ரப்பரைத் தேடினாள், காலையில் வைத்த இடத்தில் இல்லை. பிரபாவதி கல்லாவுக்குள் துழாவி, தன் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஊதினாள். செருகினாள். மறுபடி கூவியது. மறுபடி பிடுங்கித் தேய்த்தாள். பிரபாவதி பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

மேகப் படம் வந்தது.

பிளாப்பி. பட்டியல். ஏழாம் பக்கத்தின் அடி. fd;dpak;kh. டைரியைத் திறந்து அந்த ஒரு வரியைச் சாவி சாவியாகத் தமிழில் எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திரையோடு ஒப்பிட்டாள். மறுபடி ஒப்பிட்டாள்.

டைரியோடு இன்ஸ்டிட்யூட்டுக்குத் திரும்பி ஓடினாள். ஏழாம் பக்கத்தை அடித்தது ஷபானா. மூன்று தாளையும் கார்பனையும் விளிம்பு பிசகாமல் சேர்த்து, அதே மெஷினில் மாட்டி, அறுபத்திரண்டுக்குக் கீழே உருளையைக் கால் சுற்று திருகினாள். "இப்ப யாரும் எங்கிட்ட பேசாதீங்க," என்றாள். ராகவன் சார் ஸ்டாப் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் காட்டுமேட்டிலிருந்து நாற்பது பேர் கிளம்பினார்கள். செங்கல்பட்டில் ஒரு நீளமான அறை. பெஞ்சு போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் நின்றார், முதலுக்குத் திரும்பினார்.

"ஏம்மா, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி இருக்கு? இங்க எழுத்து சாயுது, இங்க மை அதிகமா இருக்கு."

"ஆறு பேரு அடிச்சாங்க சார்," என்றாள் சந்திரம்மா. "ஆளுக்கு ஒரு கை."

அவர் பட்டியலின் தலைப்பில் முத்திரை குத்தித் தேதி போட்டார். இருக்கிறவர்கள் சொல்லுங்கள், வராதவர்களுக்கு யாராவது பொறுப்பு சொல்லுங்கள் என்று வாசிக்க ஆரம்பித்தார். ரெஜினா டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் ஒரு டிக். தப்பு எங்கே வரப்போகிறது என்று ஒவ்வொரு பெயருக்கும் காத்திருந்தாள். பத்து, இருபது, நாற்பது. விசிறியில் காகிதம் படபடத்தது. அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"அறுபத்து மூணு. கன்னியம்மா, கணவர் கருப்பன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு முதல்."

ரெஜினா தலையைத் தூக்கினாள். கடைசிச் சுவரோரம், ஆட்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது.

"கீறேன் சார்."

பென்சிலால் ஒரு டிக். பேனாவை எடுத்து அதன் மேலேயே இன்னொன்று.

"அறுபத்து நாலு," என்றார் அதிகாரி.